ஓடினாலும் கட்ட வேண்டும், ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும்

மின்சாரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, சிங்கப்பூரின் செனோக்கோ மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

*

கேள்வி: ஐயா, என் மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் நேப்பர்வில் என்ற ஊரில் இருக்கிறான். அங்கே வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது நகராட்சிதானாம். தூரத்தில் இருக்கும் ஒரு நிலக்கரி மின்நிலையத்தில் அந்த ஊருக்கும் பங்கு உண்டாம். அதற்கு ஏகப்பட்ட செலவு ஆகிவிட்டது, இப்போது ஒப்பந்தத்தை 2055 வரை நீட்டிக்கச் சொல்கிறார்கள், ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது என்கிறான். ஒரு நகராட்சி எதற்காக நிலக்கரி நிலையத்தில் போய்ப் பணத்தைப் போட வேண்டும்? நகர மன்றக் கூட்டத்தில் பேசப் போகிறானாம். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.
– வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: அம்மா, அந்த நிலையத்தின் பெயர் பிரெய்ரி ஸ்டேட். இல்லினாய் மாநிலத்தின் தெற்கே, மரிஸ்ஸா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் மகன் இருக்கும் நேப்பர்வில் வடக்கே, சிகாகோவை ஒட்டி. இரண்டுக்கும் நடுவே 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆகவே அந்தப் புகைபோக்கியைக் கண்ணால் கூடப் பார்க்காதவர்கள்தான் மாதாமாதம் அதற்குப் பணம் கட்டுகிறார்கள்.

800 மெகாவாட் எந்திரங்கள் இரண்டு, மொத்தம் 1,600 மெகாவாட். பக்கத்திலேயே சொந்தச் சுரங்கம். வெட்டிய நிலக்கரி கன்வேயரில் நேராக நிலையத்துக்கு வந்துவிடும், ரயில் கூலி கிடையாது. கேட்பதற்கு நல்ல திட்டம்தான். ஆனால் அதைத் தொடங்கியவர் யார் என்று பாருங்கள். பீபடி என்ற நிலக்கரி நிறுவனம், 2001இல். இல்லினாய் நிலக்கரியில் கந்தகம் அதிகம். அமெரிக்காவில் காற்று மாசுச் சட்டம் 1990இல் கடுமையானதும் அந்தக் கரியை வாங்க ஆள் குறைந்துபோனார்கள். விற்க முடியாத கரியின் மேலேயே ஒரு மின்நிலையத்தைக் கட்டி, அந்த நிலையத்தை ஊர்களுக்குப் பங்கு போட்டு விற்றால் கரிக்கும் வழி பிறக்கும். பீபடி தன்னிடம் வைத்துக்கொண்டது சுமார் 5 விழுக்காடுதான். அதையும் 2016இல் 57 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறிவிட்டது. மீதியெல்லாம் ஒஹாயோ, இண்டியானா, மிசூரி, கென்டக்கி, இல்லினாய் ஊர்களுக்கு மின்சாரம் வாங்கித் தரும் பொது அமைப்புகளின் தலையிலும், கிராமப்புறக் கூட்டுறவுச் சங்கங்களின் தலையிலும் விழுந்தது. நேப்பர்வில் நேரடியாகப் பங்கு வாங்கவில்லை. அது சேர்ந்திருக்கும் இல்லினாய் நகராட்சி மின்சார அமைப்பு வாங்கியது, சுமார் 15 விழுக்காடு.

ஊர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2005 முதல் 2008 வரை எரிவாயு விலை ஏறிக்கொண்டே போனது. பழைய மின்சார ஒப்பந்தங்கள் முடிகிற நேரம். சந்தையை நம்பினால் விலை எங்கே போய் நிற்குமோ என்ற பயம். 'சொந்த நிலையம், சொந்தச் சுரங்கம், முப்பது நாற்பது வருடத்துக்கு விலை ஆடாது' என்று ஒருவர் சொல்லும்போது மன்றத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொறுப்பான முடிவாகத்தான் தெரிந்திருக்கும்.

கட்டுமானம் 2007 அக்டோபரில் தொடங்கியது. முதல் எந்திரம் 2012 ஜூனிலும், இரண்டாவது அதே ஆண்டு நவம்பரிலும் ஓடத் தொடங்கின. ஆரம்பத்தில் பேசப்பட்டது 2 பில்லியன் டாலர் அளவுக்கு. முடிக்கும்போது கிட்டத்தட்ட 5 பில்லியன். இடைப்பட்ட காலத்தில் இன்னொன்று நடந்தது. பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் முறை அமெரிக்காவில் பரவி, 2008 நடுவில் 12 டாலருக்கு மேல் விற்ற அதே அளவு எரிவாயு 2012 ஏப்ரலில் 2 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. நிலையம் திறக்கிற நேரத்தில் சந்தையில் மின்சாரம் மலிந்து கிடந்தது.

இங்கேதான் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். இந்த ஊர்கள் கையெழுத்திட்டது, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டும் ஒப்பந்தம். பள்ளிப் பேருந்துக் கட்டணம் மாதிரிதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் அனுப்பாவிட்டாலும் மாதப் பணம் மாதப் பணம்தான். கட்டுமானக் கடனுக்கான தவணை, பராமரிப்பு, ஆட்கள் சம்பளம் எல்லாம் எந்திரம் நின்று கிடந்தாலும் ஊர்களின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். கடன் கொடுத்தவர்கள் நிலையத்தை நம்பிக் கொடுக்கவில்லை, அந்தக் கையெழுத்தை நம்பித்தான் கொடுத்தார்கள்.

எந்திரம் நிற்பது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன், வெளியே இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. நான் வேலை பார்த்த எண்ணெய் கொதிகலன்களில் குழாய் கசிந்தால் முதலில் காதுக்குத் தெரியாது. மேசையில் இருக்கும் பதிவேட்டில்தான் தெரியும். கொதிகலனுக்கு ஊற்றும் தண்ணீர் அளவு ஒவ்வொரு ஷிஃப்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். அப்புறம் கொதிகலன் பக்கம் நடந்து போனால் ஒரு சீறல் கேட்கும். அதன் பிறகு தள்ளிப்போட முடியாது. ஒரு குழாயிலிருந்து வரும் நீராவி பக்கத்துக் குழாயையும் அறுத்துவிடும். எந்திரத்தை இறக்கி, உலை ஆறும்வரை காத்திருந்து, உள்ளே சாரம் கட்டி, குழாயை வெட்டிப் புதுத்துண்டு பற்றவைத்து, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, மறுபடி மெல்ல மெல்லச் சூடேற்றி மேலே கொண்டுவர மூன்று நான்கு நாள் ஆகிவிடும். நிலக்கரி நிலையத்தில் இதோடு அரைக்கும் ஆலைகள், சாம்பல் அள்ளும் எந்திரங்கள், கந்தகத்தைப் பிடிக்கும் கோபுரம் என்று கெட்டுப்போகக்கூடிய இடங்கள் இன்னும் அதிகம்.

பிரெய்ரி ஸ்டேட் முதல் இரண்டு ஆண்டுகள் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. அப்போது ஊர்கள் நிலையத்துக்கும் பணம் கட்டி, இல்லாத மின்சாரத்துக்காகச் சந்தையிலும் வாங்கின. ஒரே யூனிட்டுக்கு இரண்டு இடத்தில் பணம்.

கென்டக்கியில் பதூக்கா என்று ஓர் ஆற்றங்கரை ஊர், மக்கள்தொகை சுமார் 25,000. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற மத்திய அரசு அமைப்பிடமிருந்து மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே விலை ஏறுகிறது என்று 2009 இறுதியில் விலகி வந்து பிரெய்ரி ஸ்டேட்டை நம்பினார்கள். அவ்வளவு சின்ன ஊர், நூறு மெகாவாட்டுக்கும் மேல் பங்கு எடுத்தது. 2014இல் பார்த்தால் கென்டக்கி மாநிலத்திலேயே மிக உயர்ந்த மின்கட்டணம் கட்டும் ஊர்களில் ஒன்று பதூக்கா. மலிவு தேடி வெளியே வந்த ஊர் அது. கூட்டங்களில் மக்கள் பில்லைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர்களிடம் இருந்தது, மாற்ற முடியாத ஒரு கையெழுத்து. நம் ஊரில் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். நகராட்சி மின்சாரம் வாங்கும் ஊரில், வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனால்தான் உண்டு. எனக்கு இதில் மனம் பொறுக்காத இடம் அதுதான்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். பிறகு நிலையம் நன்றாகவே ஓடியது. 2021, 2022இல் எரிவாயு விலை எகிறியபோது, நிலக்கரி நிலையம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று அதை ஆதரித்தவர்கள் பேசினார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. நீண்ட ஒப்பந்தம் என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரும் இந்தோனீசியாவிடம் குழாய் எரிவாயுவை இருபது ஆண்டு அளவுக்கான ஒப்பந்தத்தில்தான் வாங்கியது.

சரி, உங்கள் மகனின் விஷயம். நேப்பர்வில்லின் இப்போதைய ஒப்பந்தம் 2035 வரை. நீட்டித்தால் 2055. ஆனால் இல்லினாய் மாநிலம் 2021 செப்டம்பரில் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. அதன்படி பிரெய்ரி ஸ்டேட் 2030களிலேயே கரிம வெளியேற்றத்தை 45 விழுக்காடு குறைக்க வேண்டும், 2045க்குள் முழுவதும் நிறுத்த வேண்டும். இப்போது ஆண்டுக்குச் சுமார் 12 மில்லியன் டன் கரியமில வாயு விடும் நிலையம் அது. அந்த 45 விழுக்காட்டை எந்திரத்தை நிறுத்திக் குறைப்பார்களா, கரிமத்தைப் பிடிக்கும் ஆலை கட்டுவார்களா? கட்டினால் அந்தச் செலவு யார் தலையில்? நிலையம் மூடிய பிறகு சாம்பல் மேட்டையும் சுரங்கத்தையும் சரிசெய்யும் பணம் யாருடையது? 2045க்கும் 2055க்கும் நடுவே இருக்கும் பத்து ஆண்டுகளுக்கு எந்த மின்சாரத்தை, என்ன விலைக்கு வாங்கப் போகிறார்கள், அதை இன்றே எழுதித் தருவார்களா? ஊர் சொந்தமாகச் சூரியசக்தி வைத்துக்கொள்ள விரும்பினால் ஒப்பந்தம் எவ்வளவு இடம் கொடுக்கும்? நடுவில் விலக வேண்டும் என்றால் வழி உண்டா, என்ன தொகைக்கு?

இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒன்று. அமைப்பின் ஆட்கள் கொடுக்கும் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், ஊர் தன் செலவில், இந்த விற்பனையில் எந்த லாபமும் இல்லாத ஓர் ஆலோசகரை வைத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லட்டும். விலக வழி எழுதப்படாத இருபது ஆண்டு ஒப்பந்தத்தில் எந்த ஊரும் கையெழுத்திடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2035க்கு இன்னும் காலம் இருக்கிறது, அவசரப்படுத்துபவர்களிடம் ஏன் இந்த அவசரம் என்று உங்கள் மகன் கேட்கட்டும்.

*

கேள்வி: நிலக்கரிதான் உலகிலேயே மலிவான எரிபொருள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு நிலக்கரி நிலையம் எப்படி நட்டத்தில் முடியும்?
– தொழிற்கல்லூரி மாணவர், செங்காங்

பதில்: கரி மலிவுதான் தம்பி. அதை எரிக்கும் இரும்புதான் விலை. கரியை மாவாக அரைக்க வேண்டும், உயரமான கொதிகலன் வேண்டும், சாம்பலைப் பிடிக்க வேண்டும், கந்தகத்தைக் கழுவ வேண்டும், சாம்பலைக் கொட்ட நிலம் வேண்டும். கட்டி முடிக்கவே நான்கைந்து வருடம். அத்தனை வருடமும் வட்டி ஓடும். இவ்வளவையும் செய்த பிறகு கரியில் இருக்கும் சூட்டில் பத்துக்கு நான்கு பங்கு மின்சாரமானால் பெரிய காரியம். இன்றைய எரிவாயு இணைசுழற்சி நிலையம் (ஒரே சூட்டை இரண்டு முறை பயன்படுத்துவது) பாதிக்கு மேல் மின்சாரமாக்கும், கட்டும் காலமும் குறைவு.

செனோக்கோவில் நாங்கள் கனரக எண்ணெயைச் சூடாக்கித்தான் பம்ப் செய்வோம், இல்லாவிட்டால் நகராது. 1992இல் மலேசியாவிலிருந்து குழாய் எரிவாயு வந்தது. அதன் பிறகு பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலையே குறைந்துபோனது. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும்போது சட்டையில் எண்ணெய் வாடை இல்லை. எரிபொருளின் விலை மட்டும் பார்த்தால் இதெல்லாம் கணக்கில் வராது. நீங்கள் படித்து முடித்து ஒரு திட்ட அறிக்கையைக் கையில் எடுத்தால், 'ஒரு யூனிட் விலை' என்ற வரிக்கு நேராகப் போகாதீர்கள். அந்த நிலையம் வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று வைத்து அந்த விலையைப் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 85 விழுக்காடு நேரம் ஓடும் என்று போட்ட கணக்கு, 60 விழுக்காடு ஓடினால் செல்லாது.

*

கேள்வி: சிங்கப்பூரில் நிலக்கரியே கிடையாது என்று என் கணவர் சொல்கிறார், இருக்கிறது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– வாசகி, யீஷூன்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு எரிவாயு. நிலக்கரி சுமார் ஒரு விழுக்காடு. ஜூரோங் தீவில் துவாஸ் பவர் நிறுவனத்தின் தெம்புசு வளாகம் 2013இல் திறந்தது, முதலீடு சுமார் 2 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நிலக்கரியோடு மரத்துண்டு, செம்பனைக் கொட்டை ஓடு எல்லாம் சேர்த்து எரிக்கிறார்கள். அங்கே பெரிய சரக்கு மின்சாரம் அல்ல, பக்கத்து ரசாயன ஆலைகளுக்குக் கொடுக்கும் நீராவிதான். 2021இல் சிங்கப்பூர் நிலக்கரியைக் கைவிடும் நாடுகளின் கூட்டணியில் சேர்ந்தது, கரிமத்தைப் பிடிக்காத நிலக்கரி மின்சாரம் 2050க்குள் இங்கே இருக்காது என்பது வாக்குறுதி.

*

கேள்வி: அமெரிக்காவில் ஊர் மக்கள் தலையில் விழுந்ததுபோல் இங்கே விழ வாய்ப்பில்லைதானே? நம் மின்நிலையங்கள் எல்லாம் தனியார் கையில் அல்லவா இருக்கின்றன?
– வாசகர், சுவா சூ காங்

பதில்: பில் வழியாக விழுவது குறைவு. அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக் 2008இல் துவாஸ் பவர், செனோக்கோ, பவர்செராயா மூன்றையும் விற்றது. துவாஸ் பவருக்குச் சீனாவின் ஹுவானெங் கொடுத்தது 4.2 பில்லியன் வெள்ளிக்கு மேல். அதன் பிறகு யார் புது எந்திரம் கட்டினாலும் லாபமும் நட்டமும் கட்டியவருடையது.

ஆனால் கட்டியவர் என்றால் யார் என்று கேட்க வேண்டும். துவாஸ்பிரிங்கை நினைத்துப் பாருங்கள். ஹைஃபிளக்ஸ் நிறுவனம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையோடு சேர்த்து 411 மெகாவாட் எரிவாயு மின்நிலையமும் கட்டியது. மிஞ்சும் மின்சாரத்தைச் சந்தையில் விற்று லாபம் பார்க்கலாம் என்பது திட்டம். அந்த நேரம் எல்லா நிறுவனங்களும் புது எந்திரங்களைக் கட்டியிருந்தன, தேவையை விட மின்சாரம் அதிகம், விலை சரிந்தது. 2018 மே மாதம் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. சுமார் 34,000 சிறு முதலீட்டாளர்களின் 900 மில்லியன் வெள்ளி அதில் இருந்தது. ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டவர்கள் அதில் ஏராளம். குடிநீர் ஆலையைப் பொதுப் பயனீட்டுக் கழகம் 2019இல் எடுத்துக்கொண்டது. மின்நிலையம் பின்னர் பவர்செராயாவிடம் 270 மில்லியன் வெள்ளிக்குப் போனது.

அது எரிவாயு, பிரெய்ரி ஸ்டேட் நிலக்கரி. அங்கே போனது முதலீட்டுப் பணம், பிரெய்ரி ஸ்டேட்டில் மின்கட்டணம். ஆனால் இரண்டிலும், மின்சார விலை இப்படித்தான் இருக்கும் என்று பத்து வருடம் முன்னால் போட்ட ஒரு கணக்கு பொய்த்துப்போய், அந்தக் கணக்கைப் பார்க்கவே வாய்ப்பில்லாதவர்கள் பணம் கொடுத்தார்கள். பதூக்காவில் இருக்கும் ஒரு பாட்டியும், நம் தேக்காவில் சந்தைக்கு வரும் ஒரு பாட்டியும் எரிவாயு விலை முன்கணிப்பு அட்டவணையைப் படித்துப் பார்த்தா முடிவெடுக்க முடியும்? அதைப் படிக்க வேண்டியவர்கள் படித்தார்களா என்று கேட்கிற உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

*

கேள்வி: நம் சிங்கப்பூர் நிறுவனமான செம்ப்கார்ப் இந்தியாவில் வைத்திருந்த நிலக்கரி நிலையங்களை விற்றுவிட்டது. நல்ல முடிவுதானே?
– வாசகர், ஹவ்காங்

பதில்: ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில், கிருஷ்ணபட்டினம் துறைமுகத்துக்கு அருகே இரண்டு நிலையங்கள், 2,640 மெகாவாட். 2023 தொடக்கத்தில் ஓமானைச் சேர்ந்த முதலீட்டாளர்களிடம் சுமார் 2.1 பில்லியன் வெள்ளிக்குக் கைமாறின. ஆனால் வாங்கியவர்கள் உடனே பணம் கட்டவில்லை. செம்ப்கார்ப்பே அதைக் கடனாக விட்டு, வட்டியோடு பல ஆண்டுகளில் வாங்கிக்கொள்கிறது. புகை குறைந்தால் வட்டியில் சலுகை என்றும் ஏற்பாடு.

நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் நிலக்கரி இல்லாமல் போனது. நெல்லூரில் எந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த நிலையங்களின் வருமானத்திலிருந்துதான் கடனும் திரும்பி வர வேண்டும். பங்குதாரருக்கு இது நல்ல முடிவாக இருக்கலாம். நெல்லூர்க் கடற்கரையில் சாம்பலோடு வாழும் மீனவருக்கு எதுவும் மாறவில்லை. மூடும் தேதி எழுதாமல் விற்கும் விற்பனையை நான் விலகல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

*

கேள்வி: என் வீட்டு மின்சார ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. 24 மாதத்துக்கு நிலையான விலை என்று ஒரு நிறுவனம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போடலாமா? பழையபடி எஸ்பி குழுமத்துக்கே போய்விடலாமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: பியூபி பில் என்றே இன்னும் நாம் சொல்லும் அந்தப் பில்லில் எஸ்பி குழுமத்தின் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். நிலையான விலை அதற்குக் கீழே இருந்து, இரண்டு வருடம் வீட்டை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால் போடலாம். 2021 இறுதியில் சில நிறுவனங்கள் நடுவழியில் கடையை மூடியபோதும் யாருக்கும் மின்சாரம் நிற்கவில்லை, எஸ்பி குழுமம் ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்தப் பயம் வேண்டாம். கையெழுத்திடும் முன் விவரத் தாள் ஒன்று கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். அதில் பொருள் சேவை வரி சேர்ந்த விலையா, முன்கூட்டியே விலகினால் எவ்வளவு, 24 மாதம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துவிடுவார்களா என்ற மூன்றையும் பாருங்கள். புரியாவிட்டால் தாளைப் படம் எடுத்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு. அடுத்த இதழுக்குள் பார்த்துச் சொல்கிறேன்.